மடி என்று மறைத்த மின்சார அடுப்பு

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வாங்கிய மின்சார அடுப்பை நான் விளக்கு லைனில் மாட்டித்தான் சமைத்தேன். விளக்குக்கு மட்டுமான லைனில் அடுப்பை மாட்டுவது தப்பு என்று தெரியும். ஒருநாள் காலை மின்சார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காமலே அடுப்பின் மேல் புடவையைப் போட்டு மூடிவிட்டு, "உள்ளே மடி, ஆசாரமா சமைக்கிற இடம், வரப்படாது!" என்று மறித்தேன்.

"மாமி, உங்க மடி கருகறதே!" என்று அவர் ஷூவோடு உள்ளே ஓடி ஸ்விட்சை அணைத்தார். புடவையில் பெரிய ஓட்டை. "அடுப்பு கூடாதுதான், அபராதம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அடுப்பு கூடாதுன்னு யார் சொன்னா? அதுக்குத் தனி மீட்டர் குடுக்கணும்னே ரூல் இருக்கு. ரேட்டும் கம்மி. ஃபாரம் எழுதிக் குடுங்கோ" என்றார்.

இப்போது தனி மீட்டர், கனமான ஒயர். இன்ஸ்பெக்டர் வந்தால் நானே அழைத்துப்போய் அடுப்பைக் காட்டுகிறேன். ஷூவை மட்டும் வாசலில் கழற்றச் சொல்கிறேன்.