அம்மாவைப் பயமுறுத்திய சப்பாத்துப் பெட்டி

பேய் செய்வது எப்படி என்று யாராவது கேட்டால், முதலில் ஒரு சப்பாத்துப் பெட்டி, அதுதான் காலணி வாங்கினால் தருகிற அட்டைப்பெட்டி, வேண்டும் என்பேன். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. ஒன்பது வயதில் நான் அப்படித்தான் ஒரு பேய் செய்தேன்.

அப்போது நாங்கள் சிங்கப்பூரின் செம்பவாங்கில், கடற்படைத் தளத்தை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்குக் கப்பல்களுக்குச் சாயம் அடிக்கிற வேலை. கப்பலின் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே நாள் முழுதும் அடிப்பார். சாயங்காலம் வரும்போது மீசையும் சாம்பல் நிறமாக இருக்கும். எனக்கு ஒரே ஓர் ஆசை. போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஏறி, பீரங்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் அப்பா, “அதெல்லாம் நம்மளால ஆகாது லா” என்று சொல்லிவிடுவார்.

ஆகும் என்று ஒருநாள் தெரிந்தது.

குடியிருப்பு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். மேம் என்று கூப்பிடுவோம். அந்தச் சனிக்கிழமை மேம் ஒரு மஞ்சள் பூசணிக்காயில் கண்ணும் பல்லும் வெட்டி எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அவர்கள் ஊரில் பேய்களுக்கு ஒரு திருநாள் உண்டாம். அதன் பெயர் ஹாலோவீன் என்றார். பக்கத்தில் இருந்த அக்கா என் காதில், “இதுக்கா இவ்ளோ அலட்டல்? நம்ம வாசல்ல தொங்குற திருஷ்டிப் பூசணிக்கு மீசையே இதைவிடப் பெருசா இருக்கு” என்றாள்.

பிறகு மேம் போட்டியைச் சொன்னார். ஒரு பெட்டிக்குள் பேய்க் காட்சி ஒன்று செய்ய வேண்டும். பக்கத்தில் துளை போட்டு, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பெட்டி அதிகமாகப் பயமுறுத்துகிறதோ அதற்குப் பரிசு. பரிசு என்ன தெரியுமா? மேமின் கணவர் ஜெயித்த பிள்ளையின் வீட்டார் எல்லாரையும் போர்க்கப்பலில் ஏற்றிக் காட்டுவார்!

அக்காவும் நானும் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினோம்.

“பொந்தியானாக்தான் செய்யணும். மலாய்க்காரங்க எல்லாரும் பயப்படுற பேய். வாழைமரத்துல இருப்பா. வெள்ளைத் துணி, முடி முழங்கால் வரைக்கும்” என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்து மலாய்த் தோழி சொன்னதில் அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கும் அது போதுமாக இருந்தது.

பச்சைக் காகிதத்தில் வாழை இலைகள் வெட்டினோம். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளில் நிலா. தலையணையிலிருந்து திருடிய பஞ்சில் பனி. மூடியில் ஒரு சன்னல் வெட்டி, சிவப்பு மிட்டாய்த் தாளை ஒட்டினோம். வெளிச்சம் பட்டதும் உள்ளே எல்லாம் ரத்தச் சிவப்பு! பேய்க்கு அப்பாவின் பழைய வேட்டியில் ஓர் ஓரம் கிழித்து உடுத்தினோம். முடிதான் சரியாக வரவில்லை. கறுப்பு நூலை ஒட்டினால் நூலாகவே தெரிந்தது. தென்னை நார் வைத்தால் பேய் விளக்குமாறு மாதிரி நின்றது.

அம்மா காலையில் தலை வாரியதும், உதிர்ந்த முடியை விரலில் சுற்றி உருட்டி, மூன்று தரம் ‘தூ தூ தூ’ என்று துப்பிக் குப்பையில் போடுவார். உங்கள் சின்ன அத்தை அப்போது அம்மாவின் வயிற்றில் எட்டு மாதம். கீழே குனிய முடியாமல் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துதான் தலை வாருவார். மூன்று நாள் உருண்டைகளைக் குப்பையிலிருந்து பொறுக்கினேன். பிரித்து, சோற்றுப் பசையால் பேயின் தலையில் ஒட்டினேன். துளையில் கண்ணை வைத்தேன். நானே அலறிவிட்டேன்!

அலறல் கேட்டு அம்மா வந்தார்.

“ஏதுடா இந்த முடி?”

“உங்க முடிதாம்மா! எவ்ளோ நல்லாருக்கு பாருங்க!”

அம்மாவின் கை வயிற்றுக்குப் போனது. “பிச்சுப் போடு” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

நான் மாட்டேன் என்றேன். கப்பலுக்குப் போக வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அப்பா என்னைத் திட்டவில்லை. கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து, பேயின் தலையிலிருந்து ஓர் இழை விடாமல் பிய்த்து எடுத்து அடுப்பில் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு முழம் கப்பல் கயிற்றை எடுத்துப் பிரித்து, மையில் நனைத்தார்.

“இந்தாடா, கப்பல் முடி. இதைவிட ஒசத்தி எங்க கெடைக்கும்?”

அது விறைத்து நின்றது. “பேய்க்கு எண்ணெய் வச்சு வாரிவிடுங்கப்பா” என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேம் கறுப்புக் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு துளையிலும் கண் வைத்துப் பார்த்தார். எங்கள் பெட்டிக்கு, “ஓ!” என்றார். மீன் முள்ளில் எலும்புக்கூடு செய்திருந்த பையனின் பெட்டிக்கு, “ஓ! ஓ!” என்றார். கப்பல் அவனுக்குப் போய்விட்டது.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மண்டபத்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் முடி இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன், எல்லாம் அம்மாவால்தான் என்று மனம் பொருமியது.

பொந்தியானாக்கின் கதையில் மீதியை வெகுகாலம் கழித்துத்தான் கேட்டேன். பிள்ளைப்பேற்றில் செத்துப்போகிற பெண்தான் அந்தப் பேயாக வருவாளாம். இது எங்கள் குடியிருப்பில் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அன்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தபோதே, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபத்துக்குள் வந்தார். வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. “எங்கடா உன் பெட்டி? நான் இன்னும் பார்க்கலையே” என்றார். மேசைமேல் வைத்தேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்து, துளையில் கண் வைத்தார். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை.

“பயமா இருக்குடா.”

“சும்மா சொல்லாதீங்க. நெசமாவா?”

“நெசமாத்தாண்டா.”

கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நிஜமாகவே பயந்திருக்கிறார்! கப்பலும் பீரங்கியும் மறந்தே போயின. நான் துள்ளிக் குதித்தேன்.

“அப்படின்னா இன்னொரு தடவை பாருங்கம்மா!”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.