குறை கேட்டுத் திரியும் உதயகலா

உதயகலா கைப்பேசியை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார், விரலைத்தான் பார்ப்பார். விரல் தயங்கி நிற்கும் இடத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்வார். “சனம் வாயாலை நல்லம் எண்டுதான் சொல்லும். விரல் நிக்கிற இடத்திலைதான் பிழை கிடக்கும்” என்பது அவருடைய கட்சி.

யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் அவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். முப்பத்து நான்கு வயது, அடிபட்டு நெளிந்த ஸ்கூட்டி, வெயிலுக்கு முழுக்கைச் சட்டை. அலுவலகத்தின் இணையத்தளத்தைத் திருத்துவதற்கு மக்களின் கருத்தைத் திரட்டுவது அவர் பொறுப்பு. கடுதாசி விண்ணப்பம் வாங்கிய யன்னலைத் தை மாதமே மூடிவிட்டார்கள். இனி எல்லாம் தளத்தில்தான். இந்த மாத முடிவுக்குள் குறைகள் போய்ச் சேராவிட்டால் தளம் இப்படியே கிடக்கும்.

முதற் சுற்றில் நீர்வேலியில் அறுபது படிவம் கொடுத்தார். அறுபதும் ‘மிக நன்று’ என்று திரும்பி வந்தன. எங்கள் சனத்துக்குப் படிவத்தைக் கண்டால் சோதனைத் தாள் ஞாபகம். புள்ளி இணையத்தளத்துக்கல்ல, அதைக் கொண்டுவந்த பிள்ளைக்கு என்று நினைத்துவிட்டார்கள். வாழைத்தோட்டம் செய்யும் ஏரம்பு கீழே ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்: ‘தங்கமான பிள்ளை. பதவி உயர்வு கொடுக்கவும்.’ மனிதர் அந்தத் தளத்தை ஒருநாளும் திறந்ததில்லை.

மேலதிகாரி கனகரத்தினத்துக்குப் பரம சந்தோஷம்.

“சனம் திருப்தி எண்டு தன்ரை கையாலை எழுதியிருக்கு. நீர் ஏன் பிள்ளை குறை தேடித் திரியிறீர்?”

“திறந்து பாக்காத ஆக்களும் நல்லம் எண்டு எழுதியிருக்கினம், சேர். இன்னும் ஒரு கிழமை தாங்கோ.”

சொல்லிவிட்டு, மேசையில் இருந்த படிவக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் உதயகலா. பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கென்றால் அந்தத் துணிவு வராது.

விரல் பார்க்கும் முறை அதற்குப் பிறகு வந்ததுதான். நாலு நாளில் ஒன்று வெளித்தது. பிறப்புப் பத்திரம் கேட்கும் பக்கத்தில், மணமான பெண்கள் எல்லோருடைய விரலும் பெயர்க் கட்டத்தைத் தாண்டவில்லை. இங்கே பெண்ணின் பெயருக்கு முன்னால் முதலில் அப்புவின், அதாவது தகப்பனின் பெயர். தாலி ஏறிய பிறகு புருஷன் பெயர். தளமோ அடையாள அட்டையில் உள்ள பெயரைக் கொண்டுபோய்ப் பிறப்புப் பதிவில் தேடுகிறது. எப்படிக் கிடைக்கும்? இதைச் செய்த புண்ணியவானுக்குத் தாய் சகோதரி யாரும் இல்லை போலிருக்கிறது.

நான் கூடப்போன அன்று தொண்டைமானாற்றில் தங்கமுத்து வீடு. அறுபது தாண்டியவர், மீன் வியாபாரம். பிரான்சில் மகளுக்குப் பிள்ளைப்பேறு, தாய் போகவேண்டும். கடவுச்சீட்டுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் முடியாது. உதயகலாவின் கைப்பேசியில், அடையாள அட்டையில் உள்ளபடி புருஷன் பெயரை முன்னால் வைத்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். ‘இவ்வாறான பிறப்பு பதிவு செய்யப்படவில்லை’ என்றது திரை. அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு படிவத்தை எடுத்து ‘மிக நன்று’ என்ற இடத்தில் சரி போட்டார்.

“அம்மா, உங்களுக்குப் பத்திரம் கிடைச்சதே?”

“இல்லை பிள்ளை.”

“பிறகேன் நல்லம் எண்டு போட்டியள்?”

“வெயிலுக்கை வந்து நிக்கிறாய். உன்ரை வேலைக்கு ஒரு பிழை வரப்படாது.”

“எனக்கு ஒண்டும் வராது. நீங்கள் உப்பிடிப் போட்டால் இந்தத் தளத்தை ஒருத்தரும் திருத்தமாட்டினம். மகளிட்டை எப்பிடிப் போவியள்?”

தங்கமுத்து படிவத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார்.

“அப்ப என்னத்தை எழுத?”

“நடந்ததை எழுதுங்கோ. நான் இருக்கிறன்.”

போட்ட சரியை வெட்டினார் தங்கமுத்து. குறைகளுக்கென்று விட்டிருந்த கட்டத்தில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினார்: ‘நான் பிறந்தனான். என்ரை அப்பு சின்னத்துரை.’

உதயகலா அதை வாசித்தார். கட்டை அவிழ்த்து, அந்தத் தாளை அறுபது ‘மிக நன்று’க்கும் மேலே வைத்து, இறுக்கிக் கட்டினார்.