நின்று நின்று குளுவாங்குக்கு

காலை ஏழு மணிக்கு, காஹாங் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். குளுவாங் ஆஸ்பத்திரி இருபது மைலுக்குச் சற்று மேல். நல்ல நாளில் ஒரு மணி நேரப் பயணம். என் மகள் கமலாவுக்கு வயது பன்னிரண்டு. முதல் நாள் மாலை தொடங்கிய வயிற்றுவலி விடியும்போது வலப்பக்கம் இறங்கி நின்றுவிட்டது. தோட்டத்து மருந்தகம் பார்க்கும் டிரெஸ்ஸர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல்வால்தான், கிராணியாரே. மத்தியானத்துக்குள்ள கத்தி வைக்கணும்" என்றார்.

நான் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா. தோட்ட மேனேஜர் துரை தம் பழைய காரையும் டிரைவர் மாரிமுத்துவையும் அனுப்பினார். என் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டாள். பின் இருக்கையில் கமலாவின் தலை என் மடியில்.

நான்காம் மைலில் இஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. மாரிமுத்து இஞ்சின் மூடியைத் தூக்கினார். பேட்டரிக் கம்பி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "அலமாக், இவன்தான் கள்ளன்" என்று மலாய்க்காரர்போல் அலுத்துக்கொண்டு முறுக்கி இறுக்கினார். கையோடு, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. வண்டி கிளம்பியது. நான் முருகனுக்கு நன்றி சொன்னேன்.

ஏழாம் மைல் தாண்டியதும் மறுபடி நின்றது. இருபுறமும் காடு, மழை விட்டும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மாரிமுத்து பிளக்கின் கம்பியை இரும்பருகே பிடித்துக்கொண்டு, என்னை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொன்னார்.

"நீலமாப் பொறி வருது. கரண்டு சரிதான். அப்ப பெட்ரோலு."

மீண்டும் தொட்டியைத் திறந்தார், குச்சியை விட்டார், மூடினார். தொட்டியின் மூடி முந்தின வாரம் குழியில் குலுங்கி எங்கோ விழுந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒழுகும் கூரைக்கும் ஓட்டை வாளிக்கும் மருந்து ஒன்றே. மழைத்தண்ணீர் இறங்காதபடி அன்று விடியற்காலைதான் ரப்பர் ஷீட்டு ஒன்றைத் தொட்டி வாயில் போட்டுக் கயிற்றால் இறுக்கியிருந்தார். இம்முறையும் வண்டி கிளம்பியது.

"என்னதான் கோளாறு, மாரிமுத்து?"

"எம் மாமியார் மாதிரி, கிராணியாரே. ஏன் கோவிச்சுச்சுன்னும் தெரியாது, ஏன் சமாதானம் ஆச்சுன்னும் தெரியாது."

கமலா சிரிக்கப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

பத்தாம் மைலில் மூன்றாம் முறை. சாலை நடுவே யானைச் சாணம் கிடந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. மூங்கில் முறியும் சத்தம் இடப்பக்கம் மிக அருகில் கேட்டது. யாரும் இறங்கவில்லை. மாரிமுத்து ஸ்டார்ட்டரை மிதித்தார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மிதித்தார். பிடிக்கவில்லை. கமலாவின் நெற்றி கொதித்தது. யானையா, மத்தியானமா, எது முதலில் வரும் என்று தெரியாமல் நான் அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

"முன்ன ரெண்டு தடவையும் எடுத்துச்சே" என்று மாரிமுத்து முணுமுணுத்தார். "அப்ப செஞ்சதுல எதை இப்ப செய்யல?"

"தொட்டியத் திறக்கல" என்றேன்.

கமலா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "பால் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுவோம்ல, அப்பா. ஒண்ணு போட்டா பால் வராதே."

மாரிமுத்து திரும்பி என்னைப் பார்த்தார். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும்; மூடி தொலைந்தபோது அதிலிருந்த காற்றுத் துளையும் கூடவே போய்விட்டது. மூங்கில் இன்னொரு முறை முறிந்தது. அவர் கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினார். ரப்பர் உள்ளே இழுக்கப்பட்டுக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. கயிற்றை அறுத்து அதன் ஓரத்தைத் தூக்கியதும் 'ஸ்ஸ்' என்று தொட்டி காற்றைக் குடித்தது. அந்தச் சத்தம் காடு முழுவதும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மிதியில் இஞ்சின் பிடித்தது. தொட்டி வாயில் என் கைக்குட்டையைப் போட்டுக் கட்டிக்கொண்டு போனோம். குளுவாங் வரை வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் நிற்கப்போகிறது என்றே நான் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு முன்பே கமலாவை உள்ளே கொண்டுபோனார்கள். குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாம்.

அவள் பிழைத்தாள். நாளை அழைத்துப் போகலாம் என்கிறார்கள். கடலுக்கு அப்பால் எங்கள் சொந்த ஊரில் என்றால் ரயிலேறிவிடுவேன். காஹாங்குக்கு ரயில் கிடையாது. அதே சாலை, அதே கார். இன்று மாரிமுத்து கடைவீதியில் புது மூடி வாங்கி வந்தார். நடுவில் துளை இருக்கிறது என்றார். வாங்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.