எந்தத் தாளில் எழுதி வந்தாலும் வாங்கிக்கொண்டவள்

மும்தாஜ் போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது, தச்சநல்லூர் வீட்டில் நம் கையேட்டின் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக அவள் படுக்கையில் இருந்தது உங்களுக்கும் தெரியும். செய்தியைக் கேட்ட பிறகும், அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பி "சரியா இருக்கா?" என்று கேட்கத்தான் கை போனது.

சிறு நூலகங்களுக்காக நாம் சிலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் விட்ட மென்பொருள் நம்முடையது. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேஜை. மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அந்த மென்பொருளுக்கான கையேட்டு வேலை. மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையில் எழுதலாம் என்றதும் ஒப்புக்கொண்டாள். "அந்த வடிவத்தில் வராததை ஏற்க மாட்டோம்" என்று நான் விதி எழுதியபோதுதான் முகம் சுளித்தாள்.

பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் நூலகம் பார்க்கும் செல்வராணி, கையேட்டைப் பார்த்துத் தான் செய்ததையெல்லாம் ஏதோ நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, நான்கு படங்களாக எடுத்து அனுப்பியிருந்தார். விதியைக் காட்டித் திருப்பிவிட்டேன். மறுநாள் மும்தாஜ் அதைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத வாசிச்சியா?"

"வடிவம் சரியில்ல."

"வடிவம் நாம எடுத்து வைக்கதுக்குத்தான். வாங்கதுக்கு எதுக்கு?"

நான்கு படங்களையும் அவளே தட்டச்சு செய்தாள். பிறகு ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தாள். பழைய தரவைப் படியெடுக்கும் முன்பே புதிய பதிப்பை ஏற்றும்படி கையேட்டில் நான் எழுதியிருந்தேன். அப்படிச் செய்தால், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்ற பட்டியல் முழுதும் அழிந்துவிடும். செல்வராணிக்கு அப்படித்தான் அழிந்திருந்தது. இன்னும் எத்தனை பேர் என் பக்கத்தை நம்பினார்களோ.

மும்தாஜ் திட்டவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். திருத்திய பக்கத்தில் செல்வராணியின் பெயரைப் போட்டுவிட்டு, "நீயே அவங்களுக்குப் போன் போடு" என்றாள்.

"நாந்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன் மேடம்" என்றார் செல்வராணி. "பிள்ளைங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் பட்டியல மறுபடி எழுதுதேன்."

அன்றே அந்த வடிவ விதியை எடுத்துவிட்டேன்.

வாங்கிக்கொண்டதையெல்லாம் அவள் அப்படியே சேர்த்துவிட மாட்டாள். அழகாகக் கட்டம் போட்டு வந்த அத்தியாயங்களையும் "செஞ்சு பாத்தீங்களா?" என்ற ஒரே கேள்வியில் நிறுத்தி வைப்பாள். உங்களில் பலர் அந்தக் கேள்வியை வாங்கியவர்கள்தான். என்னுடையவை இரண்டு அப்படி நின்றன. கோபம் வந்தது. செய்து பார்த்தேன், இரண்டிலும் பிழை.

மேலப்பாளையத்தில் அவள் அடக்கம் ஆன மறுநாள், ஒரு நூலகர் குரல்பதிவாக ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினேன். செய்தும் பார்த்தேன். சரியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் முன் முழுதும் வாசிக்கிற பொறுமை, அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

ஒரு பக்கம் வெளிவர இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும் என்பது நம் வழக்கம். அந்தத் திருத்தத்துக்கு என் பெயரைப் போட்டுவிட்டேன். இன்னொரு பெயர் வேண்டும். உங்களில் யாராவது வாருங்கள்.