கிள்ளானில் பலகை நன்றாகத்தான் இருந்தது

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சிரித்து ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்தன்று அவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தாலும் பிரயோஜனமில்லை. மாப்பிள்ளை அன்று முழுக்க போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துப்போய் இருந்தார். மோதிர அளவுக்காக அவருடைய வலது கை மோதிர விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டவன் நான்தான். எங்கள் வீட்டு வழக்கம் அது. தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் தம்பி மாப்பிள்ளை விரலில் மோதிரம் போட வேண்டும். நூல் சுற்றும்போதுகூட மனிதர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"மொறைக்கிற ஆளா சிரிக்கிற ஆளான்னே தெரியாம எப்படிடா அங்க போய் இருக்கறது?" என்றாள் அக்கா.

அப்பாவிடம் பேசி அனுமதி வாங்கினேன். அம்மா கூட வர வேண்டும், ஒரே ஒரு மத்தியானம், அவ்வளவுதான். சினிமா என்றால் இருட்டு, அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். பௌலிங் போகலாம் என்றேன். சிங்கப்பூரில் காலேஜில் படித்த காலத்தில் நான் பாடத்தை விட ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதைத்தான். மரப் பந்தை உருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். யார் விளையாடினாலும் ஒரு தடவையாவது சிரிப்பு வரும். இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். இங்கிலீஷ் பேசமாட்டார். எங்கே போனாலும் வேட்டி, மேலே ஒரு கோட், தோளில் துண்டு. அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்ததற்குக் காரணம் அவருடைய நிதானமாம். எனக்கு வயது இருபத்திரண்டு, நிதானத்தைக் கண்டாலே எரிச்சல். டவுனை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த என் அக்கா, மழை பெய்தால் முழங்கால் சேறாகும் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே குடித்தனம் செய்வதா?

மூன்று இடங்கள் பார்த்தேன். முதலாவது டவுனில், ராட்டினமும் பேண்டு வாத்தியமும் உள்ள கேளிக்கைப் பூங்காவில். பந்து ஓடும் பலகை நடுவில் வீங்கியிருந்தது. சுற்றிலும் குடித்துவிட்டு ஆடுகிற கூட்டம். பெண்கள் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு முடிவில் குற்றம் இல்லை.

இரண்டாவது கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு சீனர் கோப்பிக் கடைக்குப் பின்னால். இரண்டே பாதைகள். கடைக்காரர் அரைக்கால் சட்டையும் மரக்கட்டைச் செருப்புமாக இருந்தார். உடுப்புக்கு ஏதாவது விதி உண்டா என்று மலாயில் கேட்டேன். தன் காலைக் காட்டிச் சிரித்தார். ஜன்னல் ஓரம் அகலமான பெஞ்சு, நல்ல காற்று, கேட்டால் கோப்பி. மாப்பிள்ளையின் தோட்டத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். ஒரு பந்து போட்டுப் பார்த்தேன். கயிறு பிடித்த மாதிரி நேராக ஓடியது. கோப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா கேட்ட இடம் இதுதான்.

மூன்றாவது பிரிக்பீல்ட்ஸிலேயே, நான் சேர்ந்திருந்த கிராணிமார் கிளப், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்களின் கிளப். தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் பலகை. வாசலில் ஒரு போர்டு. கால்சட்டையும் பூட்ஸும் போடாதவர்கள் உள்ளே வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்களைக் கூட்டி வரலாம், யாரும் கூட்டி வந்ததில்லை. அந்த நேரத்தில் கிளப் காலியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "கிள்ளான்ல பலகையெல்லாம் உளுத்துப் போச்சுக்கா. பந்து பாதியிலயே நின்னுடுது. நம்ம கிளப்புதான் சரி."

அவள் நம்பினாள்.

மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினேன். எந்த ரயில், எத்தனை மணி, ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் விவரமாக இரண்டு பக்கம். உடுப்பைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'அன்புடன்' என்று எழுதி முடித்துவிட்டேன்.

என் திட்டம் என்னவென்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. வாசலில் அவரை நிறுத்துவார்கள், அவர் முகம் சிறுக்கும், உள்ளே நான் பத்துக் கட்டைகளையும் சாய்ப்பேன், அக்கா இரண்டையும் பார்ப்பாள். அப்புறம் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். திட்டத்தின் முழு அறிவும் அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சலவை வேட்டியில் வந்தார். போர்டைப் படித்தார். கிளப் சிப்பந்தி சங்கடப்பட்டுக்கொண்டே கையைப் பிசைந்தான். "பரவால்லீங்க, நான் வராந்தாவுல இருக்கேன். காத்து நல்லா வருது," என்றார் மாப்பிள்ளை. அவர் முகம் சிறுக்கவில்லை. அம்மாவின் முகம்தான் சிறுத்தது.

நான் பந்தை எடுத்தபோது இன்னொரு சிக்கல். கட்டை நிறுத்துகிறவர் உறவுக்காரர் கல்யாணம் என்று ரவாங்குக்குப் போய்விட்டாராம். விழுந்த கட்டைகளை நிறுத்தி, பந்தைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லாமல் விளையாட்டு இல்லை. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறும் பலகையையே பார்த்தாள். சரி, வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா எழுந்துவிட்டாள்.

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "தம்பி, அந்தக் கோடியிலயும் வேட்டி கூடாதுன்னு போர்டு இருக்கா?"

சிப்பந்தி சிரித்துவிட்டான். அங்கே போர்டு இல்லை. "அப்ப நான் நிறுத்துறேன். அவங்க பாக்கணும்னு வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிப் போய், கட்டைகளுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் இறங்கினார். எந்தக் கட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதற்குத் தரையில் புள்ளிகள் உண்டு. நிறுத்தி முடித்ததும் பலகையில் இரண்டு தட்டு. அதைக் கேட்ட பிறகுதான் பந்து போட வேண்டும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

ஆறு ஏழு பந்து வரை ஒழுங்காகப் போயிற்று. அப்போது என் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள், மைதானத்தில் கால்பந்து ஆட்டம் மழையில் நின்றுபோனதாம். அதில் வாய் நீண்டவன் ஒருத்தன் குனிந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டு, யாருடா அது வேட்டியோடு, என்று கேட்டான். அக்காவுக்குக் கிள்ளானில் பெரிய இடம் என்று இவர்களிடம் ஒரு மாதமாக அளந்திருந்தேன்.

"கட்டை நிறுத்துற ஆளு. இன்னிக்கு மட்டும் வந்திருக்கான்," என்றேன்.

அக்கா எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை மெதுவாகத்தான் நிறுத்துவார். ஒவ்வொரு கட்டையையும் புள்ளியின் மேல் வைத்து, ஒரு தடவை பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. நண்பனுக்குப் பொறுக்கவில்லை. "உன் ஆளு என்னலா, கட்டைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறானா? போடுலா, பந்து வந்தா தானா எந்திரிப்பான்."

இரண்டு தட்டு இன்னும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் மூலைக் கட்டை பாக்கி இருந்தது. அதன் கழுத்தைப் பிடித்தபடி ஒரு கை, வெள்ளைக் கோட்டின் விளிம்பு. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன், பார்த்தேன். ஒரு கணம் நின்றேன். பிறகு என்னிடம் இருந்த பலம் அத்தனையையும் போட்டு உருட்டினேன்.

பத்தும் விழுந்தன. நண்பர்கள் கை தட்டினார்கள்.

பள்ளத்திலிருந்து சத்தமே இல்லை. ஒரு முனகல் வந்திருந்தால்கூட ஓடியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஓடியிருப்பேனா தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பந்து மெதுவாகத் திரும்பி வந்தது. கட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, இந்த முறை கொஞ்சம் கோணலாக. அப்புறம் இரண்டு தட்டு.

இடது கையால் நிறுத்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. இன்னும் நான்கு முறை போட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு தட்டுக்காக ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தேன்.

நண்பர்கள் போன பிறகு அவர் வெளியே வந்தார். வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தார். அம்மா பதறிப்போய்க் கேட்டாள். கட்டை வழுக்கி விழுந்துவிட்டது, ஒன்றுமில்லை என்றார். ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். மழை வெறித்திருந்தது. ரயில் ஏறும்போது என்னிடம், "நல்லா போடுறீங்க தம்பி. அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா ரொம்ப வேகமா தெரியுது," என்றார். என் முகத்தில் எதையோ தேடினார் என்று அப்போது தோன்றியது. நான் ரயில் பெட்டியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "கைய பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்க்கலக்கா."

"சரி," என்றாள். அவள் கையில் இருந்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

கல்யாணம் நின்றுவிடும் என்று ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், நின்றுவிட வேண்டும் என்றுதானே நான் ஆரம்பித்தேன். இப்போது நின்றால் அதற்குக் காரணம் நான் என்று அக்காவுக்குத் தெரியும். ஆறாம் நாள் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம், குறித்த தேதியில் வந்து சேருகிறோம் என்று நாலே வரி. எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகக் கிடந்தன. "வாத்தியார் கையெழுத்தா இது?" என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

ஐந்து வாரம் கழித்துக் கல்யாணம். மணவறையில் நான் தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்தேன். அவர் வலது கையை நீட்டினார். மோதிர விரலின் நடுக் கணு தடித்து, விரல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற யாரோ ஒருவரிடம்தான் போயிருக்கிறார், எலும்பு சரியாகச் சேரவில்லை. நூல் வைத்து நான் அளந்த விரல் அது.

மோதிரம் கணுவில் நின்றது. அழுத்தினேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். விட்டுவிட்டேன். ஐயர் நேரமாகிறது என்றார். ஆசாரி அளவைத் தப்பாக எடுத்துவிட்டான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். எண்ணெய் கொண்டு வாருங்கள் என்றாள் அம்மா. மோதிரம் என் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தேன். நிமிரவே பிடிக்கவில்லை.

"சுண்டு விரல்ல போடுங்க மச்சான்," என்றார். அதுவரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். "அதுவும் என் விரல்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. முன்பற்கள் மட்டும் தெரிந்தன, கண் ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. பக்கத்தில் அக்காவின் தலை மெல்ல நிமிர்ந்தது. அவள் பார்க்க ஆசைப்பட்டதை அங்கே பார்த்தாள். நான் அவளுக்குக் காட்ட வேண்டியதை அவரே காட்டினார், அதுவும் என்னைக் காப்பாற்றுவதற்காக.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மோதிரம் இன்னும் சுண்டு விரலில்தான் இருக்கிறது. போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார். "மச்சான், கிள்ளான்ல கோப்பிக் கடைக்குப் பின்னால ஒரு பௌலிங் இருக்காமே. ஒரு நாளைக்கு உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போலாமா? நானும் ஒரு பந்து போட்டுப் பாக்கணும்."

அக்கா கதவருகில் கோப்பியோடு நின்றாள். "அங்க பலகை உளுத்துப் போச்சுன்னு தம்பி அப்பவே சொன்னானே," என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அந்தப் பொய்யை மட்டும் அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லக்கா," என்றேன். "பலகை நல்லாத்தான் இருக்கு. அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் போய்ப் பார்த்தேன். வேட்டியோட வந்தாலும் விடுவாங்க."

காற்றடிக்கும் சத்தம் நின்றது. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையில் கொடுக்க இருந்த கோப்பியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தார்.

கோப்பியை நானே எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. கிள்ளானுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.