பச்சை வண்டிக்குப் பூக் கேட்டது

கூரையைத் திறந்துவிட்டு யாராவது ஜம்மென்று காரில் போனால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. போத்தனூரில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருந்தார். இருபது வருஷம் வார்ப்பு மணலின் தூசியை மூச்சாக இழுத்தவர். இனிக் குணமாகாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பழைய காரில் ஏறினாலே அவருக்கு நெஞ்சடைக்கும். கண்ணாடியை இறக்கினாலும், "மேல தகரம் இருக்குதல்லொ அம்மணி, மூடி போட்டாப்பல இருக்குது" என்பார். அப்படித்தான், மேலே துணி போட்ட, வேண்டும்போது அதைக் கழற்றிவிடுகிற வண்டி ஒன்று புதிதாக வாங்கவேண்டும் என்று ஆரம்பித்தார்.

அவிநாசி ரோட்டுக் கடையில் அந்த மாதிரி இரண்டு நின்றன, ஒன்று வெள்ளை, ஒன்று கரும்பச்சை. விற்பனைக்காரர் பச்சையை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, பட்டன் பட்டனாகக் கழற்றித் துணியைச் சுருட்டினார். இவர் ஏறி உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கினார்.

"ஏனுங்க, இதுதானுங்க! மூச்சு உள்ள எறங்குதுங்க" என்றார் விற்பனைக்காரரிடம்.

ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எலும்பும் தோலுமாக, வாயைப் பிளந்துகொண்டு இவர் ஊருக்குள் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அதுதான் எனக்குத் தோன்றியது. சீ, என்ன மனுஷி நான்!

"தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்களே" என்றேன்.

"இனிமேல் தூசி என்னத்தப் பண்ணப்போகுது, உடு" என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் பெண் எடுத்தாலும் குலசாமியிடம் பூக் கேட்டுத்தான் செய்வோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டலங்களாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, அதில் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூக் கேட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். பொட்டலம் கட்டியதும் நான்தான். இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

பூசாரி இரண்டையும் உருட்டிப் போட்டார். இவர் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் திருநீறு வாங்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது மற்றப் பொட்டலத்தைக் காணோம். பூசாரி கூட்டித் தள்ளிவிட்டார் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"சாமியே வேண்டாங்குது. உட்டுருலாம் அம்மணி" என்றார்.

பழைய காரிலேயே திரும்பினோம். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. என்னிடம் முன்னைவிடத் தணிவாக நடந்துகொண்டார். படுத்தபடியே, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்பார். நோய் மனுஷனைப் பக்குவமாக்கிவிட்டது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். தை பிறக்கும் முன்னே போய்விட்டார், வீட்டுக்குள்ளேயே, ஜன்னலைப் பார்த்தபடி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய பீரோவை ஒழித்தேன். அடித்தட்டில், கடையில் கொடுத்த பச்சை வண்டியின் படத்தாள் மடித்து வைத்திருந்தது. விரித்தேன். உள்ளே, அன்றைக்குக் கோயிலில் காணாமல்போன மற்றப் பொட்டலம். பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நூல் சுற்றியிருந்தார். அந்த முடிச்சு என்னுடையது இல்லை. செவ்வரளி கருகிப்போய்க் கிடந்தது.

ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே அந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். கேட்கவில்லையே, பாவி மனுஷன்.