அம்மாவின் ஊசி பார்த்த திசை

வெள்ளிக்கிழமை பேசுவதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் நான் காந்தத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் அதிகம் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும்தான் பேசுவார். முகம் பார்த்துப் பேச முடியாது, வீட்டு மேடத்துக்குப் பிடிக்காதாம். டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறிப்போய், அப்பாவின் போனைக் காதில் அழுத்திக்கொண்டு பனிக்குள் நிற்பேன்.

"சாப்பிட்டியா பாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"என்னா சாப்பிட்ட?"

"ரொட்டி."

"நல்லா படிக்கிறியா?"

"ம்."

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் பேச்சுத் தீர்ந்துவிடும். போனுக்குள் காற்று இரைவது மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா, "சரி, வெக்கட்டா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படாது. இறங்கி வரும்போது இருட்டியிருக்கும். அப்பாவுக்கு ஃபெக்டரியில் பின்னேர வேலை என்றால் எங்கள் ஒற்றை அறையான காம்பராவில் யாரும் இருக்கமாட்டார்கள். அடுத்த காம்பராவில் இருக்கும் அத்தை வந்து சோறு வைத்துவிட்டுப் போவார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் காந்தம் பாடம் வந்தது. அப்பா தேயிலை சலிக்கும் பகுதியில் இருந்தார். கொழுந்தை அரைக்கிற உருளைகள் தேய்ந்து தேய்ந்து இரும்புத் துகள் தூளோடு கலந்துவிடும். அதைப் பிடிப்பதற்காகத் தூள் ஓடிவரும் பட்டிக்கு மேலே காந்தங்களைப் பொருத்தியிருப்பார்கள். அதில் ஒன்று விழுந்து உடைந்துபோக, எறியக் கிடந்த துண்டை ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கேட்டு எனக்குக் கொண்டுவந்து தந்தார். கறுப்புக் கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் மீசை முளைத்ததுபோல இரும்புத்தூள் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ரொட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா, தேயிலத் தூளுக்குள்ள இரும்பு இருக்கு, தெரியுமா?"

"ஐயய்யோ! யாருடி சொன்னது?"

முழுவதையும் சொன்னேன். அன்றைக்கு அம்மா "வெக்கட்டா?" என்று கேட்கவேயில்லை. பின்னால் யாரோ அரபியில் கூப்பிட்ட பிறகுதான் போனை வைத்தார். பேசுவதற்குச் சாமான் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு வாரம் முழுக்க வெள்ளிக்கிழமைக்காகச் சேர்த்தேன். கையிலிருந்த துண்டைக் கருங்கல்லில் தட்டி இன்னும் இரண்டாக உடைத்தேன். வட முனைவு ஒரு பக்கமும் தென் முனைவு ஒரு பக்கமும் தனியாக வந்துவிடும் என்று நினைப்பு. வரவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி இரண்டு முனைவு இருந்தது. எத்தனை தடவை உடைத்தாலும் அப்படித்தான், ஒரு முனைவு மட்டும் தனியாக நிற்கவே நிற்காது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஏனோ அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்த, புத்தகத்தில் இல்லாத உதாரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற ஆட்கள் வேலை பிரித்துக் கொடுக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். தோட்டத்து ஐயா வந்ததும் எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பும். இரும்புக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் அப்படித்தான் கலைந்து நிற்கின்றன. ஒரே பக்கம் திரும்பிவிட்டால் முழு இரும்பும் காந்தம்.

"நான் எங்க திரும்புனேன்? ஒங்க அத்தகூட கதச்சிக்கிட்டேதான் நிப்பேன்," என்றார் அம்மா.

"அப்ப நீங்க காந்தமில்ல. வெறும் இரும்பு."

"வாயப் பாரு, வாய!"

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பனிக்குள் என் சிரிப்பு மட்டும் கேட்டது.

பிறகுதான் ஊசி. தைக்கிற ஊசியைக் காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்பிய குட்டிக் காந்தங்கள் மறுபடி கலைந்துவிடும். தேய்த்த ஊசியை ஒரு தேயிலை இலையில் வைத்து, பிளாஸ்டிக் கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது தானாகத் திரும்பி வடக்கையும் தெற்கையும் காட்டும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதால்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஊசியத் தண்ணில போட்டு என்னா வெளையாட்டு? துருப்புடிச்சா ஒங்கப்பன் சட்டைய எதுல தைக்கிறது, ஒன் மூக்குலயா?"

ஊசி மெதுவாகத் திரும்பிக் கட்டிலுக்கு அடியைப் பார்த்து நின்றது. அங்கே அம்மாவின் ட்ரங்குப் பெட்டி இருந்தது. கலைத்துவிட்டேன். மறுபடியும் பெட்டியைத்தான் பார்த்தது.

வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

"அம்மா, ஊசி ஒங்க பெட்டியத்தான் பாக்குது! எத்தன தடவ திருப்பி விட்டாலும் அங்கதான் போகுது!"

அம்மா, "மறுபடி சொல்லு," என்றார். சொன்னேன். அன்றைக்குப் போல அம்மா அவ்வளவு நேரம் என்னோடு பேசியதேயில்லை.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாதே. கோப்பையை வெளியே, வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஊசி கோயில் மலைப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே கொண்டுவந்தால் பெட்டி. பெட்டியை மூலைக்கு இழுத்தால் ஊசியும் மூலைக்குத் திரும்பியது. விஷயம் பிடிபட்டது. பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி ஏமாறும். அதுவும் புத்தகத்தில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

"அது ஒங்களத் தேடலம்மா," என்று அடுத்த வெள்ளிக்கிழமை அறிவித்தேன், பரிசு வாங்கியவள்போல. "பெட்டி இரும்புப் பெட்டி. அதான் இழுத்திருக்கு. மரப்பெட்டியா இருந்திருந்தா திரும்பியே பாத்திருக்காது."

"அப்பிடியா," என்றார் அம்மா.

காற்று இரைந்தது. இனி "வெக்கட்டா?" வரும் என்று எனக்குத் தெரியும். அவசர அவசரமாக அடுத்ததை எடுத்துவிட்டேன்.

"நீங்களும் ஒரு ஊசி செய்யுங்கம்மா. ஃபிரிஜ்ல ஒட்டுற பொம்மைக்குப் பின்னுக்கு காந்தம் இருக்கும். ஒரே பக்கமா தேய்க்கணும், சரியா? இரும்புக்குக் கிட்ட வைக்காதீங்க. ஒங்க ரூம்புலயே வைங்க. அங்க ஒங்க ஊசியும் இங்க என் ஊசியும் ஒரே பக்கந்தான் பாக்கும்."

அம்மா சரி என்றார். அந்த வாரம் எனக்கு நகரவேயில்லை.

"செஞ்சீங்களா?"

"செஞ்சேன் பாப்பா."

"திரும்புச்சா?"

"திரும்புச்சு."

"எந்தப் பக்கம்? கதவுப் பக்கமா, ஜன்னல் பக்கமா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஜன்னல் பக்கம்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து என் ஊசி திரும்பி நிற்கும்போதெல்லாம், ஒரு ஜன்னலையும், அதன் பக்கத்தில் கோப்பை வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். ஜன்னலுக்கு ஒரு நீலத் திரைகூடப் போட்டுவைத்திருந்தேன். இருட்டிய காம்பராவில் அப்பாவுக்காகக் காத்திருப்பது அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஒப்பந்தம் முடிந்து அம்மா வந்தார். ஆள் மெலிந்திருந்தார். வந்த மறுநாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அத்தை அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அரமண மாதிரி வீடாமே. ஒனக்குக் குடுத்த ரூம்பும் பெருசா?"

"ரூம்பா?" என்று அம்மா சிரித்தார். "மாடிப்படிக்குக் கீழ சாமான் போடுற எடம் அண்ணி. காத்து வர ஒரு ஜன்னல்கூடக் கெடையாது. கால நீட்டுனா கதவு இடிக்கும்."

நான் பீலிக் குழாயில் பிடித்த தண்ணீர் வாளியை இறக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்படியென்றால் கோப்பையை ரூம்பில் வைக்கவில்லை, ஜன்னல் இருக்கிற சமையல் குசினியில் வைத்திருக்கிறார். குசினி முழுக்க இரும்பாக இருக்குமே! எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சோதனையைப் பிழையாகச் செய்திருக்கிறார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.